ஊர் ஓடினால் ஒத்து ஓடலாமா?

(கூட்டமைப்பின் உறுப்பினர் பயிற்சி முகாமில் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிக் குழுக்களின் சார்பில் ஆற்றிய உரை)



மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வீட்டு வேலையை முடித்துவிட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். உங்கள் பக்கம் வயலும் ஏரியும் இருக்கின்றன. எங்கள் பக்கம் துறைமுகமும் தொழிற்சாலையும்தான். ஆனால் பாய் விரித்துக் குழுக் கூட்டம் என்று உட்கார்ந்துவிட்டால், உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் ஒரே கதைதான் நடக்கிறது.

பயிற்சி என்றால் வரவு செலவு, பதிவேடு, உள்கடன், வங்கிக் கடன் இவற்றைப் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். தனியாக இருக்கும்போது நம் மனசு ஒரு மாதிரி வேலை செய்கிறது. நாலு பேரோடு உட்காரும்போது வேறு மாதிரி வேலை செய்கிறது. இது ஏன் என்று ஆராய்கிற ஒரு படிப்பே இருக்கிறது. அதற்குச் சமூக உளவியல் என்று பெயர். பெயர் பெரிசாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அது சொல்கிற விஷயங்கள் எல்லாம் நம் தெருவிலும் நம் குழுவிலும் தினம் நடப்பவைதான்.

குழுவில் ஒரு தீர்மானம் வாசிக்கிறார்கள். நமக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். வெளியே வந்து தெருமுனையில் நின்று, "எனக்கு அப்பவே மனசு ஒப்பலடி" என்கிறோம். பக்கத்தில் இருப்பவள், "எனக்குந்தான் ஒப்பல" என்கிறாள். இரண்டு பேருக்கும் ஒப்பவில்லை, ஆனால் தீர்மானம் நிறைவேறிவிட்டது! இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது

2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் நடந்ததை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் பக்கத்து மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் எழுந்தார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஜனங்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள்.

எங்கள் பகுதியில் இருப்பவர்களுக்கு நாற்றம் புதிதில்லை. மணலி பக்கமிருந்து காற்று அடித்தால் ஒரு வாடை, எண்ணூர் பக்கமிருந்து அடித்தால் இன்னொரு வாடை. "இது எப்பவும் வர்றதுதானே" என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பது பழகிப் போய்விட்டது. இப்படிப்பட்ட இடத்தில்தான் ஆபத்து அதிகம். ஏதோ சரியில்லை என்று நமக்குத் தோன்றும். வெளியே எட்டிப் பார்ப்போம். எதிர்வீட்டில் விளக்கு எரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சும்மா நிற்கிறார். "பெரிசா ஒண்ணும் இல்ல போலிருக்கு" என்று உள்ளே போய்விடுவோம். நம் முகத்தைப் பார்த்து அவரும் அதையே நினைத்துக்கொண்டு உள்ளே போயிருப்பார்.

இதை 1968-இல் அமெரிக்காவில் பிப் லடானே, ஜான் டார்லி என்ற இரண்டு பேராசிரியர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு அறையில் ஒருவரை உட்கார வைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்த 24 பேரில் 18 பேர் எழுந்துபோய்ப் புகை வருகிறது என்று சொன்னார்கள். அடுத்த தடவை, கூடவே இரண்டு பேரை உட்கார வைத்தார்கள். புகை வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று அவர்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தது. அப்போது என்ன நடந்தது தெரியுமா? பத்துப் பேரைச் சோதித்ததில் ஒரே ஒருவர்தான் எழுந்துபோய்ச் சொன்னார். மற்றவர்கள் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் படிவத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள்!

அவர்கள் முட்டாள்களா? இல்லை. பக்கத்தில் இருப்பவர் அமைதியாக இருப்பதைப் பார்த்து, ஆபத்து இல்லை என்று முடிவு கட்டினார்கள். உள்ளுக்குள் எல்லோரும் பயந்திருந்தாலும் வெளியே எல்லோரும் அமைதியாக இருந்தால், அந்த அமைதியே ஒரு பொய்ச் சாட்சியாக நின்றுவிடுகிறது.

எண்ணூரில் அந்த ராத்திரி ஜனங்களைக் காப்பாற்றியதில் ஒருவரை ஒருவர் எழுப்பியதற்குப் பெரிய பங்கு உண்டு. "எழுந்திரு, கேஸ் லீக் ஆவுது" என்று ஒரு குரல் வந்துவிட்டால் பிறகு யாரும் யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. பல பேர் மௌனத்தை உடைக்க ஒரு குரல் போதும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். குழுக் கூட்டத்துக்கு வரும்போது இது உதவும்.

பயம் முந்தி, காரணம் பிந்தி

ஒரு குரலுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்றால், அது தப்பான குரலாக இருந்தால் என்ன ஆகும்? அதையும் நம் கடற்கரை பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள், நாலாம் நாள், டிசம்பர் 30-ஆம் தேதி, மறுபடியும் சுனாமி வரலாம் என்று டெல்லியிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதும் ஜனங்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். அலை வரவில்லை. அந்த எச்சரிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று மத்திய அமைச்சரே பிறகு சொன்னார்.

அன்றைக்கு ஓடியவர்களைக் குறை சொல்ல முடியாது. நாலு நாளைக்கு முன்தான் கடல் வீட்டுக்குள் வந்திருந்தது. ஆனால் இந்த மாதிரி நேரத்தில் மனசு எப்படி வேலை செய்கிறது என்பதை நம் நாட்டுக்காரர் ஒருவரே ஆராய்ந்திருக்கிறார். 1934 ஜனவரி 15-இல் பீகாரில் பெரிய பூகம்பம் வந்தது. அதற்குப் பிறகு பரவிய வதந்திகளைத் தொகுத்து ஜமுனா பிரசாத் என்ற அறிஞர் 1935-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆச்சரியம் என்னவென்றால், அதிர்ச்சியை உணர்ந்தும் பெரிய சேதம் இல்லாமல் தப்பித்த ஊர்களில்கூட, "இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது" என்ற வதந்திகள்தான் பரவின. வெளிநாட்டு அறிஞர் லியான் ஃபெஸ்டிங்கர் அந்தக் கட்டுரையைப் படித்து யோசித்தார். அவர் கண்டது இதுதான்: பயம் முதலில் வந்துவிடுகிறது. பயப்படக் காரணம் வேண்டுமே என்று மனசு பிறகு தேடுகிறது. அந்தப் பயத்துக்குப் பொருத்தமான செய்தி எது கிடைத்தாலும் அதை நம்பிவிடுகிறது.

பயத்துக்கு உள்ள இதே குணம் ஆசைக்கும் உண்டு என்று நாங்கள் நினைக்கிறோம். "கடன் தள்ளுபடி வருதாம், இந்த மாசம் கட்டாதே" என்று ஒருத்தி சொன்னால் போதும். தள்ளுபடி வரவேண்டும் என்று ஏற்கெனவே ஆசைப்பட்ட மனசு உடனே பிடித்துக்கொள்ளும். நாலு பேர் கட்டாமல் விட்டால் ஐந்தாவது ஆள், "நான் மட்டும் ஏன் ஏமாளி ஆகணும்?" என்று நிறுத்துவாள். கடைசியில் தள்ளுபடி வராது, வட்டி ஏறியிருக்கும், வங்கியில் குழுவின் பெயர் கெட்டிருக்கும்.

நம் பெரியவர்கள் இதற்கு ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். "ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவர் ஓடினால் கேட்டு ஓடு." ஊரே ஓடினால் நின்று விசாரிக்க நேரம் இருக்காது, அது சரி. ஆனால் காசு விஷயத்தில் நமக்கு எப்போதும் ஒரு நாள் நேரம் உண்டு. வங்கிக்குப் போய் மேலாளரிடம் கேட்க ஒரு நாள் போதும். ஆகையால் காசு விஷயத்தில் ஊரே ஓடினாலும் கேட்டுத்தான் ஓட வேண்டும்.

தலையாட்டும் தீர்மானம்

இப்போது முதலில் சொன்ன கையெழுத்துக்கு வருவோம். 1950-களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் என்ற அறிஞர் ஓர் எளிய சோதனை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள். அவர்கள் ஒவ்வொருவராக, வேண்டுமென்றே ஒரே தப்பான விடையைச் சொன்னார்கள். கடைசியில் அந்த ஒருவரின் முறை வந்தது. கண் ஒன்று சொல்கிறது, கூட்டம் வேறு சொல்கிறது. சோதிக்கப்பட்ட நாலு பேரில் மூன்று பேர், ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பான விடையைச் சொன்னார்கள்.

இதன் இரண்டாம் பாதிதான் நமக்கு முக்கியம். கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லும்படி ஆஷ் மாற்றிப் பார்த்தார். உடனே, கூட்டத்துக்குப் பயந்து சொல்லும் தப்பான விடைகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. ஒரு துணை கிடைத்ததும் மனிதர்களுக்குத் தங்கள் கண்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

நம் குழுவில் பாருங்கள். ஊக்குநரோ வசதியான உறுப்பினரோ முதலில் வாய் திறந்து, "இந்த லோனை ரெண்டு பேருக்கே பிரிச்சுக் கொடுத்துடலாம், என்ன சொல்றீங்க?" என்று கேட்கிறார். பதில் வராது. பதில் வராததைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம். உண்மையில் பதினைந்து பேரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள், "அக்கா, எனக்கு ஒரு சந்தேகம்" என்று தொடங்கினால், உள்ளுக்குள் ஒத்துக்கொள்ளாத மற்றவர்களுக்கும் வாய் வரும். அந்தச் சந்தேகம் கேட்பவள் குழுவுக்கு எதிரி கிடையாது. குழுவின் பணத்துக்குக் காவல்காரி அவள்தான்.

தேர் இழுப்பவர்கள்

திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோவிலில் மாசித் திருவிழா தேரோட்டத்தில் வடம் பிடித்தவர்கள் உங்களில் இருக்கலாம். ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். ஆனால் வடத்தில் கை வைத்த எல்லோரும் முழுப் பலத்தோடு இழுக்கிறார்களா?

நூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் ரிங்கல்மன் இதை அளந்தே பார்த்துவிட்டார். கயிற்றைத் தனியாக இழுக்கும்போது ஒருவர் போடும் பலத்தைவிட, கூட்டமாக இழுக்கும்போது ஆளுக்குப் போடும் பலம் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளுக்குப் பாதிப் பலம்தான் தேறியது. கயிற்றை ஒரே தாளத்தில் இழுக்க முடியாதது ஒரு காரணம். நம்மைத் தவிர இத்தனை பேர் இருக்கிறார்களே என்ற நினைப்பு இன்னொரு காரணம். பின்னால் வந்தவர்கள் கைதட்டச் சொல்லியும் சத்தம் போடச் சொல்லியும் சோதித்தார்கள். கூட்டத்தில் ஒவ்வொருவர் போடும் சத்தமும் குறைந்தது. ஆனால் "உன் சத்தத்தைத் தனியாக அளக்கிறோம்" என்று சொன்னதும் அந்தச் சோம்பல் போய்விட்டது.

ராஜா குளத்தில் ஆளுக்கு ஒரு குடம் பால் ஊற்றச் சொன்னாராம். இருட்டில் எல்லோரும் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தார்களாம். விடிந்து பார்த்தால் குளம் முழுக்கத் தண்ணீர்! அந்தக் கதை நம் குழுவிலும் நடக்கிறது. "யாராவது வங்கிக்குப் போய்ப் பாஸ்புக் போட்டுட்டு வாங்க" என்றால் யாரும் போவதில்லை. "வியாழக்கிழமை நீங்க ரெண்டு பேரும் போறீங்க" என்று பெயர் சொல்லித் தீர்மான நோட்டில் எழுதினால் வேலை முடிந்துவிடுகிறது. ஆபத்திலும் இதே பாடம்தான். சாலையில் ஒருவர் விழுந்து கிடந்தால், "யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்று பொதுவாகக் கத்தாதீர்கள். "பச்சைப் புடவை அக்கா, நீங்க 108-க்குப் போன் போடுங்க" என்று ஒருவரைக் கைகாட்டிச் சொல்லுங்கள்.

அவளுக்குக் குணம், நமக்கு நிலைமை

கடைசியாக ஒன்று. இதுதான் எங்களுக்கு ரொம்பக் கவலை தருகிற விஷயம்.

நாம் ஒரு தவணை தவறினால் என்ன சொல்கிறோம்? "பையனுக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகல, நெலமை அப்படி." இன்னொருத்தி தவறினால்? "அவ கொணமே அப்படித்தான், ஏமாத்துக்காரி." நமக்கு நிலைமை, அவளுக்குக் குணம்! மற்றவர்கள் நடத்தைக்குச் சூழ்நிலையைப் பார்க்காமல் குணத்தையே காரணம் சொல்வது மனித மனத்தின் அடிப்படைத் தவறு என்று 1977-இல் லீ ராஸ் என்ற அறிஞர் எழுதினார்.

காசிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. படகில் போகிறவருக்கு வருமானம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூடையில் மீன் வாங்கி விற்கிற பெண்ணுக்கும், கருவாடு போடுகிறவளுக்கும், மீன் வெட்டிக் கொடுக்கிறவளுக்கும் அதே 61 நாள் கை முடங்குகிறது. உங்கள் ஊரில் இதுவே நடவுக்கும் அறுப்புக்கும் இடையில் வேலை இல்லாத காலம். மே மாதம் தவணை தவறியவள் குணம் ஏப்ரலில் கெட்டு ஜூலையில் திருந்திவிடுமா? மாறியது கடல். அவள் அதே ஆள்தான்.

தனியார் நிதி நிறுவனங்களிடம் கூட்டுப் பொறுப்பில் கடன் வாங்கும்போது இந்தத் தவறு கொடுமையாகவே மாறிவிடுகிறது. ஒருத்தி கட்டவில்லை என்றால் எல்லோரும் கட்ட வேண்டும் என்பதால், அவளை நடுவில் உட்கார வைத்து எல்லோரும் சேர்ந்து பேசுகிறோம். தனியாக இருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டோம். கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வார்த்தைதான், ஆனால் அவள் தலையில் பதினைந்து வார்த்தை விழுகிறது. அவமானம் தாங்காமல் வெளியூருக்கு ஓடியவர்கள் உண்டு. அதைவிட மோசமான முடிவுக்குப் போனவர்களும் உண்டு.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் சிறுகடன் விதிப்படி, கடன் வசூலிக்க வருபவர் மிரட்டும் பேச்சோ கெட்ட வார்த்தையோ பேசக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் போன் செய்து தொந்தரவு தரக் கூடாது. கடன் வாங்கியவரின் உறவினரையும் நண்பரையும் தொல்லைப்படுத்தக் கூடாது. வெளியாளுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், கூடப் பிறந்தவள்போல் பழகிய நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

கொல்கத்தாவில் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. முதன்முறை கடன் வாங்கிய பெண்களைப் பிரித்து, சில குழுக்களை வாரம் ஒரு முறையும் சில குழுக்களை மாதம் ஒரு முறையும் கூட வைத்தார்கள். வாரம் கூடியவர்கள் கூட்டம் இல்லாத நாளிலும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வரத் தொடங்கினார்கள். அடுத்த கடனில் பணம் கட்டத் தவறியவர்கள், மாதம் கூடிய குழுக்களில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட அந்தக் குழுக்களில் இல்லை. ஒருத்தி வீட்டு நிலைமை இன்னொருத்திக்குத் தெரிந்திருந்தது, கஷ்டத்தில் கைகொடுக்க ஆள் இருந்தது. அவமானப்படுத்தி வாங்குவதைவிடப் பழகி வாங்குவது நிற்கும்.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

கேட்டதோடு போய்விடாமல், வரும் கூட்டத்திலேயே இந்த ஐந்தையும் செய்து பாருங்கள்.

1. கடன் பற்றிய பேச்சில் ஊக்குநரும் பிரதிநிதியும் கடைசியில் பேசட்டும். இளைய உறுப்பினரிடமிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கருத்துக் கேளுங்கள்.

2. "சம்மதமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பெரிய தொகை என்றால் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் புளியங்கொட்டையும் கல்லும் போதும். சரி என்றால் கொட்டை, வேண்டாம் என்றால் கல், ஒரு மூடிய பானையில் போடட்டும்.

3. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவரைச் சந்தேகம் கேட்பவராக முறை வைத்து நியமியுங்கள். கேட்பது அவர் வேலை என்று ஆகிவிட்டால் யாருக்கும் மனஸ்தாபம் வராது.

4. எந்த வேலையையும் பெயரும் நாளும் போட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

5. தவணை தவறியவரைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்காதீர்கள். இரண்டு பேர் முதலில் அவர் வீட்டுக்குப் போய், "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு குழுவில் பேசி, தவணையை எப்படி மாற்றலாம் என்று முடிவு செய்யுங்கள்.

சகோதரிகளே, பத்துப் பேர் சேர்ந்தால் பலம் என்று சொல்லித்தான் நாம் குழுவில் சேர்ந்தோம். அது உண்மைதான். ஆனால் அந்தப் பலம் ஒருத்தியைத் தூக்கிவிடவும் செய்யும், அமுக்கிவிடவும் செய்யும். எது நடக்க வேண்டும் என்பது நாம் கூட்டம் நடத்துகிற விதத்தில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மௌனமாக இருக்கும்போது, முதல் குரல் உங்களுடையதாக இருக்கட்டும். இரண்டாவது குரல் தானாக வரும்.